ஆணியில் தொங்காத கடிகாரம்

ஜெலுவின் இடது கண் போனது ஒரு மோதிரத்தால். யாஷ் நகரத்து லேசர் கூடத்தில் அவன் சேர்ந்த இரண்டாம் வருடம், யாரோ ஒருவர் விரல் மோதிரத்தில் பட்டுத் தெறித்த லேசர் ஒளி அவன் விழிக்குள் பாய்ந்தது. தலைக்குள் ஏதோ வெடித்தது போலிருந்தது. அன்று முதல் பார்வையின் நடுவில் ஒரு கருப்பு ஓட்டை.

அதற்குப் பிறகுதான் வாசலில் ஆளுக்கொரு ஆணி அடித்தான். கடிகாரம், மோதிரம் எதுவானாலும் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், பேராசிரியரானாலும் சரி. ஆடு மேய்த்த குடும்பத்தின் முதல் பட்டதாரி அவன். மந்தையை எண்ணுகிறமாதிரி தினமும் ஆணிகளை எண்ணுவான்.

அந்த மார்ச்சில் புது லேசர் வந்தது. வாயுவைக் கிழித்துப் பிளாஸ்மாவாக்கி, அதில் எழும் அலையின் முதுகில் எலக்ட்ரான்களை ஏற்றி விரட்டும் யந்திரம். பழையது நிமிடத்துக்கு ஒருமுறை சுட்டது. இது நொடிக்குப் பத்துமுறை.

அதன் ஒளிக்கற்றையை நேர்ப்படுத்தும் காலையில் ஒரு ஆணி காலி. உள்ளே விஞ்ஞானி ஹோரியா, காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்திருந்தான்.

"சார், கண்ணாடிய இறக்குங்க. வாட்ச்சையும் கழட்டுங்க."

"புள்ளி தெரியலப்பா. ஒரு நிமிஷம்."

"என் கண்ணு போக அவ்வளவு நேரம்கூட ஆகல."

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு எனக்கு வழிகாட்ட வந்துட்டான் ஆட்டுக்காரன்," என்று சிரித்தபடி ஹோரியா கற்றைப் பக்கம் கையை நீட்டினான்.

நிறுத்தும் சிவப்புப் பொத்தான் தூரத்தில் இருந்தது. ஜெலு பாய்ந்து முழங்கையால் அவன் முகத்தில் இடித்தான். மூக்கு நொறுங்கிற்று. ஹோரியா சரியும்போது அவன் வாட்ச் கற்றையை உரசியது. தெறித்த ஒளியில், அவன் தலை இருந்த உயரத்தில், பின்னால் தொங்கிய கருப்புக் காப்புத் திரை ஓட்டை விழுந்து புகைந்தது. ஹோரியா ரத்தம் ஒழுக எழப்பார்த்து ஜெலுவின் கழுத்தை நெரித்தான். கற்றையின் உயரத்துக்கு எழவிடாமல் ஜெலு அவன் தலையைத் தரையோடு மோதி அழுத்தினான். யாரோ பொத்தானை அடிக்கும்வரை விடவில்லை.

ஹோரியா புகார் கொடுத்தான். கூடத்தின் இயக்குநர் ஸ்மரண்டா இருவரையும் அழைத்தாள்.

"மன்னிப்பு எழுதிக் குடு, ஜெலு. இல்லேன்னா வேலை இல்ல."

"திரையில ஓட்டை இருக்கு மேடம்."

"இவர் மூஞ்சியிலயும் இருக்கு. எழுது."

ஜெலு தன் பெயரையும் பட்டத்தையும் முழுதாக எழுதி, அடியில் எழுதினான்: "அடித்தேன். ஆணி காலியாக இருந்தால் நாளையும் அடிப்பேன்."

அவள் அதை ஹோரியாவிடம் தள்ளினாள். கட்டுப்போட்ட மூக்குக்கு மேலே, இரண்டு கண்ணாலும், அவன் நிதானமாகப் படித்தான். பிறகு தன் புகாரைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மூக்குக்கு மட்டும் மன்னிக்கமாட்டேன், ஆட்டுக்காரா."

"பரவால்ல சார். வாட்ச்ச மாட்டிட்டு வாங்க."