வீரபாகுவின் முடிச்சும் மடிப்புத் தக்காளியும்

வீரபாகு என் பக்கத்து வீட்டுக்காரன். வயதில் சின்னவன், என்னை அக்கா என்பான். தறியில் பட்டு இழை அறுந்தால் அவன் போடும் முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, கையால் அவிழ்க்கவும் வராது. அந்தக் கர்வம் அவனுக்கு நிறைய. ஆளும் அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவன் பிடித்தது தக்காளியை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் வகைவகையாக நட்டான். கண்ணமங்கலத்தில் வாங்கிய ஆப்பிள் தக்காளி, கொத்தாய்க் காய்க்கும் குட்டித் தக்காளி, மஞ்சளாய்ப் பழுக்கும் ஒன்று. இவற்றோடு, பெண்டாட்டி கன்னியம்மாள் பெரணமல்லூர்த் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மடிப்புத் தக்காளி. புடவைக் கொசுவம் போல உடம்பெல்லாம் மடிப்பு. அப்படி ஒரு புளிப்பு. அங்கேயும் விதை தீர்ந்துவிட்டது. இருந்ததையெல்லாம் விதைத்ததில் முளைத்தது ஒரே ஒரு செடி.

"இது போச்சுன்னா இந்த வூட்ல ரசம் கெடையாது, சொல்லிட்டேன்," என்றாள் கன்னியம்மாள். வேறு தக்காளியில் வைத்தால் அது ரசமில்லை, வெந்நீராம். அவனோ ரசம் இல்லாமல் சோற்றைத் தொடாதவன்.

செடியாக இருக்கும்போது எல்லாம் ஒரே பச்சைதானே? எது எது என்று தெரிய, வகைக்கு ஒரு நிறமாகப் பட்டு நூலைத் தண்டில் கட்டினான். மடிப்புக்கு அரக்கு நிறம். பெண்டாட்டி கொடுத்த செடியாயிற்றே என்று அதற்கு மட்டும் ஐந்தாறு சுற்று, நன்றாக இறுக்கி.

செடி வளர்ந்தது, தண்டு பருத்தது. பட்டு நூல் பருக்குமா? மடிப்புத் தக்காளி தலை தொங்கிவிட்டது. அவன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் போய் இலையை விலக்கிப் பார்த்தால், நூல் தண்டுக்குள் புதைந்து கிடக்கிறது.

"அடப்பாவி, கழுத்த நெரிச்சிகினு கீது. அறுத்துப் போடு."

"என் முடிச்ச அறுக்கறதா? நானே அவுக்கறேன்க்கா."

"யாராலயும் அவுக்க முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சது நீதானே?"

நகத்தால் நோண்டினான், பல்லால் இழுத்தான். படக்கென்று தண்டு ஒடிந்து, தலை கையோடு வந்துவிட்டது. உள்ளே கன்னியம்மாள் மிளகு இடிக்கும் சத்தம்.

"அக்கா, நான் காலி."

"வாய மூடிகினு குழி தோண்டு. தக்காளித் தண்டு மண்ணுல பட்டா வேர் வுடும்."

"தலைய நட்டா செடி வருமா? பேஜார் பண்ணாதக்கா."

"வரும்னா வரும். ஜல்தி தோண்டுடா."

நான் சொன்னால் சொன்னதுதான். கீழ் இலைகளைக் கிள்ளி, தண்டைப் படுக்கவைத்துப் பாதி புதைத்து, கிழிந்த முறத்தை நிழலுக்குச் சாய்த்தோம். கன்னியம்மாள் வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, செடி குள்ளமா பூட்சி?"

"ஒக்காந்துகினு கீது," என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த வாரம் அவன் தறியில் உட்கார்ந்தது பாதி, முறத்தைத் தூக்கிப் பார்த்தது பாதி. பிறகு நுனியில் ஒரு துளிர் நிமிர்ந்தது. பூத்தது, காய்த்தது. முதல் பழம் சிவந்ததும் வீரபாகு கையை நீட்டினான்.

"கைய எடுங்க," என்றாள் கன்னியம்மாள். "மொதப் பழம் வெதைக்கு. செடியிலயே நல்லா கனியட்டும்."

அடுத்த பழம் பழுக்கும் வரைக்கும் அவன் மோர்ச்சோறு தின்றுகொண்டு, செடிப் பக்கத்திலேயே நின்று அணில் விரட்டினான். கடைசியில் ரசம் வைத்த அன்று, அவன் குடித்த வேகத்தில் எனக்கு ஒரு டம்ளர்கூட வரவில்லை. நேரே போய், சட்டியில் மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். பின்னே, விடுவேனா?