பாவாடைக்குள் ஒரு பை

டெய்லர் கடையில் ஊர்க்கதை கிடைக்கும் என்பார்கள். ஆய்க்குடியில் பள்ளிச் சீருடை தைக்கும் முத்துசெல்வியிடம் அந்தப் பருப்பு வேகாது. எந்த நேரமும் வாயில் குண்டூசியைக் கவ்வியிருப்பாள். யாராவது வம்பளந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

அந்த மூடிய வாய்க்காகவே அம்மாக்கள் அவளைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவள் சத்யபிரியா. மூன்றாம் வகுப்புக்குப் போகும் மகள் நிவேதாவுக்கு அளவு கொடுத்துவிட்டு, வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, பாவாடைப் பட்டிக்கு உள்ளுக்குள்ள ஒரு பை வைக்கணும். இன்ஹேலர் வைக்கதுக்கு. வெளிய தெரியவே கூடாது. பொம்பளப் பிள்ள, இழுப்பு இருக்குன்னு பேராயிட்டுன்னா நாளைக்கு எவன் கெட்டுவான்?"

முத்துசெல்வி தைத்துக் கொடுத்தாள். தடவிப் பார்த்தாலும் தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை.

பள்ளி திறக்கும்போதுதான் குற்றாலத்தில் சீசனும் ஆரம்பிக்கும். வெளியூர்க்காரர்கள் சாரலில் நனைய வண்டி கட்டி வருவார்கள். இங்கே ஈரக்காற்று பட்டதும் பிள்ளைகளின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். வருடம் போகப் போக உள்பை கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். ஒருத்தியின் மகளுக்குக் கரப்பான் படையைச் சொறிந்த தழும்பு தெரியாமல் முழுக்கை வேண்டும். இன்னொருத்தியின் மகனுக்கு எலாஸ்டிக் பட்டாலே தடிக்கும். ஞானபாக்கியம் தன் மகன் ஜோஷ்வாவின் பேன்ட்டில் உள்பை கேட்டாள். ஊரிலேயே தன் பிள்ளைக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று ஒவ்வொருத்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்துசெல்வி எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தாள். நிவேதாவின் வகுப்பில் மட்டும் இத்தனை பிள்ளைகள், ஒருத்தருக்கு ஒருத்தரைத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. என்றைக்காவது ஒரு நாள் வம்பில் முடியும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதே வகுப்பில் படிக்கும் அவள் மகள் அபர்ணாவின் பாவாடையிலும் ஒரு பை இருந்தது.

தென்காசி டாக்டர் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். "இது நெறைய பிள்ளைகளுக்கு இருக்கும்மா. மறைக்காதீங்க, டீச்சர்ட்ட சொல்லி வைங்க." சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து மகளிடம், "பாத்ரூம்ல போயி எடுத்துக்கோ. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லிரு" என்றாள்.

நிவேதா ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், ஆடி பிறந்த வாரம், சாரல் விடாமல் அடித்த ஒரு காலையில் நிவேதாவுக்கு வகுப்பிலேயே மூச்சு அடைத்தது. டீச்சர் அவள் பள்ளிப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பேச முடியாத பிள்ளை இடுப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. வயிற்றுவலி என்று நினைத்து டீச்சர் வயிற்றைத் தடவிக் கொடுத்தார். ஆட்டோ தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உதடு நீலம் பாரித்திருந்தது. பிள்ளை கண் திறக்கவில்லை.

சாயங்காலம் அபர்ணா சாப்பாட்டைத் தொடவில்லை. "எம்மா, எங்கிட்ட இருக்குல்லா, குடுப்போமான்னு நெனச்சேன். நீதான் இல்லன்னு சொல்லச் சொன்ன."

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று முத்துசெல்வி இரவெல்லாம் அழுதாள்.

மறுநாள் பள்ளியில் அம்மாக்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நிவேதா இன்னும் கண் விழிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். "இழுப்பு, அலர்ஜி இருக்க பிள்ளைங்க வேற யாரு? இப்பவாவது சொல்லுங்க."

அந்த ஹாலில் பாதிப் பேர் முத்துசெல்வியிடம் உள்பை தைத்தவர்கள். அவர்கள் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்தார்கள். முத்துசெல்வி எழுந்தாள்.

"எம் மவ அபர்ணாவுக்கு இருக்கு டீச்சர். பாவாடைக்கு உள்ள மறைச்சு வச்சிருக்கா. நான்தான் தச்சேன்."

"நல்லது. வேற யாருக்கும் இருக்கா?"

முத்துசெல்வி நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தாள். ஒருத்தியாவது எழுந்திருப்பாள் என்று காத்திருந்தாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேறு யாருக்கும் இல்லை என்று எழுதிக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் கூட்டத்தை முடித்தார்.

வெளியே சாரல் வலுத்திருந்தது. படியிறங்கும்போது ஜோஷ்வாவின் அம்மா ஞானபாக்கியம் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பேர எடுக்காம விட்டீயளே, நீங்க நல்லாயிருக்கணும்க்கா."