தம்பி கொடுத்த நாற்று

சும்மா வருகிற எதையும் நான் நம்புவதில்லை. கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் சரி.

விக்கிரமங்கலம் பக்கம் எனக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த வயல். நடுவில் ஒரே வரப்பு. அந்த வருடம் புரட்டாசி மழையில் என் நாற்றங்கால் முழுக்க அழுகிப்போனது. தம்பி தன் நடவை முடித்த அன்று சாயங்காலம் வந்தான்.

"நட்டது போக ஒரு ஏக்கருக்குக் காணுற நாத்து மிச்சம் கெடக்குண்ணே. எடுத்து நட்டுடு."

மிச்ச நாற்றைப் பக்கத்து வயலுக்குக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் அது கட்டுக் கணக்கில் நாலு முடி, ஐந்து முடி. ஒரு ஏக்கருக்கா மிச்சம் வரும்? ஏதோ கோளாறான நாற்றை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"வேணாம். நான் புதுசா வெதச்சுக்கிறேன்."

"ஒரு மாசம் தள்ளிப்போயிடும்ணே. கதிர் வர்றப்ப மார்கழிப் பனியில மாட்டிக்கும்."

பயமுறுத்துகிறானாம்! சிரித்து அனுப்பிவிட்டேன். அந்த ஒரு ஏக்கர்தான் எங்கள் வீட்டின் வருடச் சாப்பாடு.

அவன் பயிர் கார்த்திகையிலேயே கதிர் விட்டது. என்னுடையது மார்கழியில். வெயில் ஏறும்வரை நெல் தாள் பனியில் சொட்டிக்கொண்டிருக்கும். பகலிலும் மூட்டம், தூறல். ஒரே வாரத்தில் கதிர்களின் கழுத்து கறுத்து ஒடிந்து தொங்கியது. உருவிப் பார்த்தால் அத்தனையும் அரிசி பிடிக்காத பதர். வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது.

வயிறு எரிந்தது. போன வாரம் அவன் மருந்து டேங்க்கோடு வரப்பில் நின்றது நினைவுக்கு வந்தது. நாலு கதிரைப் பிடுங்கிக்கொண்டு, பஸ் ஏறி வேளாண்மை அதிகாரியிடம் போனேன்.

"பக்கத்து வயக்காரன் எதையாச்சும் அடிச்சுவுட்டா இப்புடி ஆவுங்களா மேடம்?"

அவர் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது குலை நோய்ங்க. பூஞ்சாணம். பனியும் மூட்டமும் சேந்தா அதுக்குக் கொண்டாட்டம். எப்ப நட்டீங்க?"

சொன்னேன்.

"ஒரு மாசம் முந்தி நட்டிருந்தா தப்பிச்சிருக்குமே."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது, இந்த அம்மாவுக்குத் தம்பியைத் தெரியுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது.

தையில் தம்பி நாலு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். "சாப்பாட்டுக்கு வச்சுக்கண்ணே" என்றான்.

என் கை தானாக மூட்டைக்குள் போனது. ஒரு பிடி அள்ளி, பதர் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. நிமிர்ந்தேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.