ஏழு கோட்டைக்குள் கடல் வந்த கதை

பொய் சொல்வது சுலபம். அதை ஓர் அட்டையின் அடியில், எறும்பு எழுத்தில், இரண்டு வரிக்குள் சொல்லி முடிப்பதுதான் எங்கள் தொழிலில் உயிரை வாங்குகிற வேலை. ஊரார் நம்பாத உண்மைகளைச் சுமந்து திரியும் என் இனத்தவர்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும். நாங்கள் ஒரு கதையைத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும், கேட்பவர் காலால் செருப்பைத் தேடத் தொடங்குவார், நாங்களோ இன்னும் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்திருக்கமாட்டோம். அப்பேர்ப்பட்டவனைப் பிடித்து இரண்டு வரியில் அடைத்தால் எப்படி இருக்கும்? அடைத்தார்கள். அடைபட்டேன். ஆனால் வென்றேன்.

வேலை கிடைத்த விதம்

தொண்டைமானாற்றில் போட் எஞ்சின் திருத்திச் சீவித்தவன் நான். என் தங்கையின் மகள் மதுரா, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி அறையை எடுத்து, 'ஏழு கோட்டை' என்று ஒரு மாயாஜால அட்டை விளையாட்டைச் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் எதிரெதிரே இருப்பார்கள். ஆளுக்கொரு கட்டு அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வீரனோ விலங்கோ இருக்கும், மூலையில் அதன் இனமும் பலமும் இருக்கும். மாறிமாறி இறக்கி மற்றவரின் கோட்டைகளை உடைக்க வேண்டும். முதல் தொகுதி முழுக்கப் பனிமலையும் டிராகனும். எங்கள் பக்கத்தில் பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும்தான் பார்க்கலாம். வளாகப் பிள்ளைகள் கொஞ்சக் காலம் ஆசையாக விளையாடிவிட்டு அலுத்துப்போனார்கள்.

இந்த மாதிரி விளையாட்டு படுத்துவிட்டால் அதை எழுப்பி இருத்துவதற்கு ஒரே வழி விரிவுத் தொகுதி. புதிய அட்டைகளைச் சின்னப் பக்கற்றுகளில், உள்ளே எது இருக்கிறதென்று தெரியாதபடி ஒட்டி விற்பார்கள். வாங்கியவர் அவற்றைப் பழைய கட்டோடு கலந்து விளையாடுவார். மதுரா கடலை வைத்து ஒன்று செய்யத் தொடங்கியிருந்தாள். அதைக் கொழும்பு மொத்த வியாபாரி எடுத்தால் விளையாட்டு பிழைக்கும். எடுக்காவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு, தாய் பேசி வைத்திருக்கும் வங்கி வேலைக்கு அவள் கொழும்புக்குப் போக வேண்டும்.

"கடல் மிருகம் ஒண்டும் வருகுதில்லை மாமா" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது, நான் எனக்கு நேர்ந்ததைச் சொன்னேன். நான் திருத்திக் கொடுத்த எஞ்சின் ஒன்றை ஒரு நண்டு கொடுக்கால் கழற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து கடலுக்கு அடியில் எஞ்சின் சத்தம். நண்டே ஓட்டுகிறது. மண்ணெண்ணெய்க்கு மட்டும் கரைக்கு வரும். தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது, இடையில் புகவில்லை, நல்ல குணம். அதற்குப் பிறகு, ஒரு கணவாய் மீன் கக்கிய மையில் மத்தியானமே இருட்டிப்போய், கோழிகள் கூட்டுக்குத் திரும்பி, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கைவிளக்கோடு வீட்டுக்குப் போன கதையையும் சொன்னேன். மதுரா கண்ணை மூடாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மாமா, நாளையிலையிருந்து வேலைக்கு வாங்கோ. உந்தப் பொய்யுக்குச் சம்பளம் தாறன். ஆனால் ஒரு அட்டைக்கு இரண்டு வரி, அதுக்கு மேலை ஒரு எழுத்தும் கூடாது."

தங்கையின் வாழ்த்து

நல்ல செய்தியை மதுராவின் தாய்க்கு, அதாவது என் தங்கைக்கு, நானே நேரில் போய்ச் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். கத்தி கையில்தான் இருந்தது. "அண்ணை, நீங்கள் பொய் சொல்லித் திரிஞ்சது போதும். என்ரை பிள்ளையையும் அந்தத் தொழிலிலை இறக்காதையுங்கோ."

நண்டின் படம்

படம் வரைகிறவள் டிலானி. குருநகர்ப் பிள்ளை, தகப்பன் மரியதாஸ் பரம்பரையாகக் கடலுக்குப் போகிறவர். எனக்குக் கொடுத்த இரண்டு வரியில் நான் எழுதினேன்: 'இது கரைக்கு வருவது மண்ணெண்ணெய்க்கு மட்டும். மீதி நேரம் அதன் சத்தத்தை நீரோட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.' இதை எழுதி முடிக்க ஒரு கிழமை எடுத்தது என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. டிலானியோ ஒரே மாலையில் வரைந்துவிட்டாள். ஒரு கொடுக்கில் எஞ்சின், மறு கொடுக்கில் மண்ணெண்ணெய்க் கான், கண் இரண்டிலும் அப்படி ஒரு திமிர்.

எஞ்சினைப் பிழையாக வரைந்திருந்தால் சொல்லலாம் என்று நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். ஒன்றும் இல்லை. காற்றாடியில் ஓர் இலை உடைந்திருந்தது கூட அச்சொட்டாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் தகப்பனின் பழைய எஞ்சினை நினைத்து வரைந்திருக்கிறாள். அது எப்போதோ புயலில் கடலோடு போனது. டிலானி படத்தைக் கொண்டுபோய்த் தகப்பனிடம் காட்டினாள். மரியதாஸ் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் தொலைபேசியில் கதைத்தார்: "நண்டு கிடக்கட்டும் அண்ணை, அந்த எஞ்சினை முதல் எனக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கோ."

பலம் பேசி முடித்தல்

அட்டைக்குப் பலம் போடுவது மதுராவின் வேலை. நண்டுக்கு அவள் போட்டது சொற்பப் பலம். முதல் தொகுதியின் பனிமலை ராசாவே அதை மிதித்துவிட்டுப் போவான் போல இருந்தது. மீன் சந்தையில் விலை பேசுவது மாதிரி நான் ஏற்ற, அவள் இறக்க, நான் கோபித்து எழும்பிப் படி வரைக்கும் போக, அவள் கூப்பிடாமல் இருக்க, நானே திரும்பி வர, கடைசியில் நண்டு பனிமலை ராசாவுக்கு ஒரு படி மேலே நின்றது. வெற்றி!

கணவாய்க்குப் பலம் வேண்டாம், குணம் போதும் என்றேன். அதை இறக்கினால் மேசை எல்லாம் மை. ஆளுக்கோர் அட்டையை முகம் தெரியாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். வேளை வரும்போது நிமிர்த்தலாம். மதுராவுக்கு அது பிடித்துப்போனது. "மாமா, உங்கடை மற்றப் பொய்யளை விட இந்தப் பொய்யிலை கொஞ்சம் மூளை கிடக்கு."

குருநகர்ப் பரீட்சை

அச்சடிக்க முன், கடல் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்க்கட்டும் என்று மாதிரி அட்டைகளோடு குருநகருக்குப் போனோம். கடற்கரைக் கொட்டிலில் மரியதாசும் கூட்டாளிகளும் பின்னேரங்களில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது நாலு பேர் விளையாடும் கடதாசி விளையாட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஒருவர் ஒரு கடதாசியைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துரும்பு. மற்ற எல்லா இனத்தையும் அது வெட்டும். எங்கள் பக்கத்தில் சில பேருக்கு இதை விளையாடக் கை பழகிய பிறகுதான் சோறு உண்ணக் கை பழகும்.

மதுராவும் டிலானியும் இரண்டு பேர் விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். கொட்டிலில் இருந்தவர்கள் மரியாதைக்குப் பார்த்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். அந்த நேரம் கணவாய் வந்தது. டிலானி ஓர் அட்டையைக் கவிழ்த்தாள். மரியதாஸ் நிமிர்ந்தார். "ஆ! துரும்பு!" அவ்வளவுதான். மகளை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் தான் இருந்தார், மதுராவையும் எழுப்பினார், நாலு பேர் சுற்றி இருந்து, கட்டுகளை ஒன்றாகக் கலந்து பிரித்துவிட்டார்கள். கணவாயை இறக்கியவர் கவிழ்த்தது நண்டு என்றால் நண்டு இனம் முழுக்கத் துரும்பு. திருக்கை என்றால் திருக்கை இனம். என்ன சத்தம்! என்ன ஏச்சு! வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் ஒருவரும் எழும்பவில்லை. நான் துள்ளிக்கொண்டு இருந்தேன். மதுராவின் முகம்தான் கறுத்துக்கொண்டே போனது. "மரியதாஸ் அங்கிள், இது இரண்டு பேர் விளையாடுற விளையாட்டு" என்றாள். அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்ன பதில்: "பிள்ளை, இரண்டு பேர் விளையாடினால் தோத்த பிறகு ஆரை ஏசுறது?"

பஸ்ஸில் வழிநெடுக

திரும்பி வரும்போது, இந்த நாலு பேர் விளையாட்டையே விதியாக எழுதிவிடு என்று நான் திருநெல்வேலி வரைக்கும் ஓதினேன். மதுரா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்: "அது அவையின்ரை விளையாட்டு மாமா. என்ரை விளையாட்டிலை ஆரும் சத்தம் போடுறேல்லை."

ஒரு கை குறைந்த நாள்

கொழும்பு மொத்த வியாபாரி நசீர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, அமைதியான மனிதர், அன்றைக்கே பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் படி ஏறினார். வளாகப் பிள்ளைகள் இரண்டு பேர் அவருக்கு விளையாடிக் காட்டினார்கள். பரீட்சை மண்டபம் போல நிசப்தம். நசீர் அட்டைகளைத் தூக்கிப் பார்த்தார், படங்களைத் தடவினார், "நல்லா இருக்கு" என்றார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் சொல்கிற 'நல்லா இருக்கு'. பிறகு மெதுவாக, "பிள்ள, படம் எல்லாம் சோக்கு. ஆனா ரெண்டு பேர் பேசாம இருந்து வெளாடுற சாமான் எங்கட கடையில நெறையக் கிடக்கு" என்றார். மதுரா தலையை ஆட்டினாள். அவள் கண் அறையைச் சுற்றி ஒருமுறை போய் வந்தது. வங்கியில் எப்படி உடுத்திக்கொண்டு போவது என்று யோசித்திருப்பாள்.

அந்த நேரம் படியில் தடதடவென்று மரியதாஸ். தேத்தண்ணியும் ரோல்ஸும் உண்டு என்று அவருக்குக் காலையிலேயே சொல்லி வைத்தது ஆர் என்று நீங்கள் கேட்கக்கூடாது. அவருக்கு நசீர் யாரென்று தெரியாது. மேசையில் அட்டையைக் கண்டார், மதுராவைப் பிடித்து இருத்தினார், எதிரே என்னை இருத்தினார், தான் இருந்தார், நாலாவது கதிரையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற வெள்ளைச் சேட்டைப் பார்த்தார். "தம்பி, சும்மாதானே நிக்கிறீர், வாரும். ஒரு கை குறையுது."

முந்நூற்றிநாலு தெரிந்தவர்களுக்கு விளங்கும், இப்படிக் கூப்பிட்ட பிறகு ஒருவரும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நசீர் இருந்தார். மரியதாஸின் கூட்டாளி. வந்ததும் வராததுமாகப் பனிமலை ராசாவை எறிந்தார். மரியதாஸ் நெற்றியில் அடித்தார்: "ஏன் காணும், ராசாவை இப்பவே எறிஞ்சனீர்? அவன் போனால் பிறகு கோட்டைக்கு ஆர் காவல், உம்முடைய மாமனோ?" நசீரின் காது சிவந்தது. அவரை அப்படி ஒருவரும் ஏசிப் பல காலம் ஆகியிருக்கும். மதுரா கண்ணை மூடிக்கொண்டாள். நசீர் சேட்டுக் கையை மடித்துவிட்டார்.

நானும் மதுராவும் அவர்களின் கோட்டைகளை வரிசையாக உடைத்தோம். மிஞ்சியது ஒன்றே ஒன்று. மதுரா முன்னுக்குக் குனிந்து, "மாமா, திருக்கையை விடுங்கோ, இப்ப விடுங்கோ!" என்று கத்தினாள். ஓம், கத்தினாள். அவளுடைய விளையாட்டில் சத்தம் போட்ட முதல் ஆள் அவளேதான். அப்போது நசீர் கணவாயை இறக்கினார். மை. எல்லாரும் கவிழ்த்தோம். அவர் தன்னுடையதை நிமிர்த்தினார்: எஞ்சின் நண்டு. நண்டினம் முழுக்கத் துரும்பு, மரியதாஸின் கை முழுக்க நண்டு. எங்கள் கோட்டைகள் சரசரவென்று விழுந்தன. நசீர் கடைசி அட்டையை அடித்த அடியில் தேத்தண்ணி சிந்தியது, கீழ்மாடிக்காரர் மேலே வந்து பார்த்தார். நான் வேண்டுமென்றே தோற்றேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

"இன்னொரு ஆட்டம்!" என்றாள் மதுரா. "இன்னொண்டு!" என்றார் நசீர். அவருடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, பஸ் போய்விட்டது. மூன்றாவது ஆட்டம் முடிந்த பிறகு மதுரா பேனையை எடுத்து, விதித்தாளில் 'இருவர்' என்று இருந்ததை வெட்டி 'நால்வர்' என்று எழுதினாள். நசீர் அதைப் பார்த்துவிட்டு முழுத் தொகுதியையும் எடுக்கிறேன் என்றார். படியில் இறங்கும்போது நின்று திரும்பிக் கேட்டார்: "எல்லாம் சரி பிள்ள, இந்த மரியதாஸ் அண்ணனையும் ஒவ்வொரு பெட்டிக்குள்ள வெச்சுத் தர ஏலுமா?"

அச்சுவேலிச் சந்தையில்

கடல் தொகுதி வந்த புதிதில் அச்சுவேலியில் ஒரு கடை வாசலில் மேசை போட்டு நானே விற்றேன். வரிசை சந்தை மதிலைச் சுற்றிப் போய், வாலும் தலையும் முட்டிக்கொண்டபடியால், முதலாவது ஆள் எவர் என்று தெரியாமல் சண்டை வந்தது. இதில் பாதியை நீங்கள் நம்பினால் போதும். மரக்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா பக்கற்றுகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார், காதோடு வைத்துக் குலுக்கினார், முகர்ந்தும் பார்த்தார். உள்ளே எது இருக்கும் என்று எனக்கே தெரியாது அம்மா, அதுதான் இந்த வியாபாரம் என்றேன். அவர் ஒன்றைத் தெரிந்து என் முன்னால் நீட்டினார்: "வத்தகப்பழக்காரனே ஒரு கீறு வெட்டிக் காட்டுறான், உமக்கு என்ன வந்தது? வெட்டும், சிவப்போ எண்டு பாப்பம்."

கடைசிப் பக்கற்று

என் தங்கை ஒருநாள் திருநெல்வேலி அறைக்கு வந்தாள். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மதுரா தொலைபேசியில் கொழும்போடு கதைத்துக்கொண்டு, கண்ணாலேயே தாய்க்குக் கதிரை காட்டினாள். தங்கை இருந்தாள். பொழுது போகாமல் ஒரு பக்கற்றை உடைத்தாள். இன்னொன்று உடைத்தாள். மடியில் உறைகள் குவிந்தன. நான் மெல்ல வெளியே வந்து, வங்கி வேலை என்னவாயிற்று என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அவையளுக்குச் சொல்லிப்போட்டன், பிள்ளை வரமாட்டாள் எண்டு. இப்ப சும்மா கதையாமல் அந்தப் பக்கற்றை எடுத்துத் தாங்கோ அண்ணை, எனக்கு இன்னும் கணவாய் வரேல்லை."

பொய்யைப் பெட்டியில் போட்டு விதி எழுதி விற்றால் அதற்கு விளையாட்டு என்று பெயர்; பெட்டியும் விதியும் கையில் இல்லாத குறைக்கு, இத்தனை காலமும் ஊர் எனக்கு வேறு பெயர் வைத்திருந்தது.