எங்கள் தெருவின் பன்னிரண்டாம் தலம்

தவக்காலம் எங்கள் ஊரில் வெயிலோடு சேர்ந்தே வருகிறது. நெற்றியில் சாம்பல் வாங்கிய வாரத்திலேயே தார் ரோடு இளக ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. கல்யாணப் பத்திரிகைகள் வருவதில்லை. என்னால் இந்த நாட்களில் ஓரிடத்தில் உட்கார முடியாது. செம்பட்டி வரை பஸ்ஸில் போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். ஏன் போனாய் என்று வீட்டில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், இயேசுவின் கடைசிப் பயணத்தைப் பதினான்கு இடங்களில் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை கோயிலில் இல்லாமல் எங்கள் தெருவில் நடக்கும். பதினான்கு கத்தோலிக்க வீடுகள், பதினான்கு தலங்கள். வாசலுக்கு வாசல் ஒரு ஸ்டூல், வெள்ளைத் துணி, மெழுகுதிரி, சிலுவை. மெயின் ரோட்டில் தொடங்கித் தெருக்கடைசியில் சிலுவை நட்ட சின்ன மேடையான குருசடியில் முடியும். வெங்காயப்பேட்டையில் வேலை பார்த்து ஓய்ந்த, தெருவே அண்ணன் என்று கூப்பிடுபவர் வீடு பன்னிரண்டாவது. வருடாவருடம் இயேசு உயிர்விடுவது அவர் வாசலில்தான். அங்கே மட்டும் எல்லோரும் முழங்காலிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்போம்.

இந்த வருடம் அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில். அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவி ஒரு ரிட்டயர்டு டீச்சர். அவர் வீடு வீடாகப் போய்த் தணிந்த குரலில் ஒரு யோசனை சொன்னார்: இந்தத் தடவை குருசடியிலிருந்து தொடங்குவோம். அப்படித் திருப்பிப் போட்டால் அண்ணன் வாசலுக்கு மூன்றாம் தலம் வரும். மரணம் வேறு வீட்டுக்குப் போய்விடும். யாரும் மறுக்கவில்லை. அண்ணனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தலத்திலும் டீச்சர் வாசிக்கும் சிந்தனையை எழுதுவது என் பொறுப்பு. “சும்மாதான எழுதிக்கிட்டிருக்க” என்று டீச்சர் எப்போதோ அதை என் தலையில் கட்டிவிட்டார். சிலுவைப்பாதை அன்று மதியம் அண்ணனைப் பார்க்கப் போனேன். தெருப்பக்கத்து ஜன்னலோரம் கட்டில்.

“எம் வாசலுக்கு என்னப்பா எழுதிருக்க?”

“மூணாம் தலம்ணே. மொத தடவ கீழ விழுறாரு.”

சிரிக்கப் போய் இருமினார். அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“நா விழுந்து நாளாச்சு. அவரு இப்பத்தான் விழுறாராக்கும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்குள்ளதத் தூக்கி இன்னொருத்தன் வாசல்ல வச்சிருக்கீக. அம்புட்டுப் பேரும் முழங்கால்ல நிக்கிறது இங்கதான. படுத்துக்கிட்டே அதக் கேக்கணும்னு இருந்தேன்.”

“ஒங்களுக்குப் பயமா இருக்கும்னு மாத்திருப்பாக” என்றாள் அண்ணி.

“பயம் எனக்கா, அவுகளுக்கா?”

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். “மைக்செட்டுக்காரன் குருசடிலருந்து வயரு இழுத்துட்டானே” என்றார் முதலில். பிறகு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு, “அவுக வாசல்ல நின்னு அத எப்படி அப்பு வாசிக்கிறது? என்னால ஏலாது” என்றார்.

திரும்பிப் போய் அதையும் அண்ணனிடம் சொன்னேன்.

“நா வாசிக்கிறேன். மைக்க மட்டும் ஜன்னல் வழியா நீட்டச் சொல்லு.”

வயர் மறுபடி இழுக்கப்பட்டது. வெயில் தாழ்ந்ததும் பழையபடி மெயின் ரோட்டிலிருந்து கிளம்பினோம். அவர் வாசலில் மைக் ஜன்னல் கம்பிக்குள் போனது.

“பன்னிரண்டாம் தலம்” என்றது கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர். ஒரு மூச்சு. “இயேசு சிலுவையில்…” இன்னொரு மூச்சு. “உயிர்விடுகிறார்.”

முழங்காலிட்டோம். தார் இன்னும் சுட்டது. நான் எழுதிக் கொடுத்த சிந்தனையை அவர் வாசிக்கவில்லை. குழாயில் மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, தெரு முழுவதற்கும். எப்போதும் இருக்கும் மௌனத்தைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். முதலில் எழ யாருக்கும் துணிவில்லை. டீச்சர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

குழாய் கரகரத்தது.

“எந்திரிங்கப்பா” என்றார். “இன்னும் ரெண்டு தலம் கெடக்கு.”