வரவேற்பு மேசையில் கேட்ட கேள்வி

பல் மருத்துவ நிலையத்தில் ஈறு சுத்தம் செய்யும் வேலைக்கு நான் வந்தது நாற்பது வயதில். வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் 'டொக்டர்' என்றார்கள். திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், அதோடு சரி.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இருந்த அந்த நிலையத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே தமிழர்களின் படிவங்களை வரவேற்பு மேசையில் நின்று நானே வாசித்து நிரப்புவேன். என் குரல் காத்திருப்போர் எல்லோருக்கும் கேட்கும். இதைச் சேவை என்று நினைத்திருந்தேன்.

செல்வமலர் அக்கா முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான் கேட்டேன், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று. பிரஷருக்கு மட்டும் என்றார். எழுதினேன்.

ஒரு வருடத்தில் மூன்று முறை டெர்மின் எடுத்து வந்தார். மூன்றிலும் ஈறு, எங்கள் ஊர்ப் பேச்சில் முரசு, வீங்கி, தொட்ட இடமெல்லாம் இரத்தம். கன்னத்துக்குள் எப்போதும் ஒரு டொபி மிட்டாய். பல் விளக்கும் முறை பற்றி மூன்று பிரசங்கம் செய்தேன். மூன்றாவது நன்றாகவே அமைந்தது.

நான்காம் தடவை என் கையுறை அவர் கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சிலே இல்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, வாய் காயுதோ?"

"ஓம் தம்பி. அதுக்குத்தானே டொபி." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "மனதுக்குக் குளிசை எடுக்கிறன், ரெண்டு வருசமா. நீங்கள் படிவம் நிரப்பின அண்டைக்கு அங்க கோயில் ஆக்கள் மூண்டு பேர் இருந்தவை. எப்பிடிச் சொல்லுறது?"

என் சேவையின் இலட்சணம் அப்போதுதான் விளங்கியது.

அப்படியான சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும், வாய் காய்ந்தால் ஈறும் கெடும் என்றேன். ஆனால் அந்த மாத்திரை வந்த பிறகுதான் நித்திரை கொள்கிறாராம், வேலைக்கும் போகிறாராம். அதைச் சொல்லிவிட்டு, "அதாலதான் முரசு பழுதாகுதெண்டால் நாளையோட விட்டிடுறன்" என்றார்.

பயந்துபோனேன். "விடாதேங்கோ அக்கா. முரசை நான் பாக்கிறன். குளிசையைப் பற்றி உங்கட டொக்டரிட்டக் கேளுங்கோ. நான் டொக்டர் இல்லை."

அந்தக் கடைசி வசனத்தை நான் வாய் திறந்து சொன்னது அன்றுதான்.

அவருடைய மருத்துவர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். டொபி போய்ச் சீனியில்லாத சூயிங்கம் வந்தது. அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், பல்லிடுக்குக்குச் சின்னப் பிரஷ், மூன்று மாதத்துக்கொரு முறை என் நாற்காலி. இரத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

இப்போது படிவங்களை உள் அறையில், தாழ்ந்த குரலில் நிரப்புகிறேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: வாயைத் திறக்கச் சொல்லுமுன் கதவைச் சாத்துங்கள்.

போன மாதம் கோயிலில் அக்கா எதையோ மென்றுகொண்டு நின்றார். நிர்வாகத்தார் ஒருவர் முறைத்தார். அக்கா கூசாமல் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இது மருந்து. டொக்டர் தம்பி தந்தவர்."

நான் திருத்தவில்லை.