வெட்டிவேர்த் தட்டியும் பட்டின் எடையும்

நனைந்த வெட்டிவேரின் வாசம் மற்றவர்களுக்குக் குளிர்ச்சி. எனக்குக் கழுத்தில் சட்டை இறுகும்.

எழுபதுகளின் தொடக்கம். கட்டடப் படிப்பு முடித்தும் வேலை அமையாமல், காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் பட்டு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சங்கத்துக்குப் புது ஆபீஸ் என்றதும் பிளான் என்னிடம் வந்தது. மின்விசிறியே வேண்டாத கட்டடம் வரைந்தேன். கனத்த சுண்ணாம்புச் சுவர், வேப்பமரத்தை வெட்டாமல் ஒதுங்கிப்போகும் நடை, மேற்கு ஜன்னல்களில் கிணற்றுநீர் சொட்டும் வெட்டிவேர்த் தட்டிகள். கட்டி முடிந்து பட்டும் தராசும் அங்கே வந்தன. சித்திரையிலும் அறை சிலிர்த்தது. மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருவதாகச் சேதி. பிடித்துப்போனால் எனக்கு அங்கே வேலை. இந்தத் தராசிலிருந்து விடுதலை.

நெசவாளிக்குப் பட்டை நிறுத்துக் கொடுப்போம். புடவையாக வந்ததும் மறுபடி நிறுப்போம். அந்த மாதம் ஒரு நெசவாளியின் புடவையில், சரிகை போக, பட்டு குறைந்தது.

"பட்டு இன்னா, ரெக்கை கட்டிப் பறந்து பூட்ச்சா?" என்றார் செயலாளர்.

"உங்க ரூம்ல ஈரங் குடிச்சுக்கினு கெடக்குது சார். என் வூட்டுக்கு வந்தா காஞ்சுபூடுது. நான் இன்னா பட்டையா துன்றேன்?"

செயலாளர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏம்பா, உன் கட்டடம் தண்ணி போடுதாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். திருடன் என்று முடிவானது. இனி அவருக்குப் பட்டு கிடையாது என்றார்கள்.

அன்று மத்தியானம் ஒரு கட்டுப் பட்டை நிறுத்தேன். வெயிலில் உலர்த்தி மறுபடி நிறுத்தேன். பட்டு வைத்த தட்டு மேலே போனது. மனிதர் சொன்னது சத்தியம். வாய் திறந்தால் தட்டிகள் போகும், மெட்ராஸ் போகும். அதிகாரி வரட்டும் என்று காத்திருந்தேன். நாலு பக்கமும் காற்று வரட்டும் என்று நானே திறந்துவைத்த அறை. எனக்கு மட்டும் மூச்சு முட்டியது. ஜன்னலுக்கு எதிரே அந்த நெசவாளியின் வீடு. தறிச் சத்தம் இல்லாத அந்த வீட்டை, சொட்டும் வேர்களின் ஊடே பார்த்துக்கொண்டே கணக்கெழுதினேன்.

எட்டாம் நாள், அதிகாரி வருவதற்கு முன்பே, தாங்காமல் செயலாளர் எதிரிலேயே நிறுத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. சாயங்காலத்துக்குள் தட்டிகளைக் கழற்றி ஜன்னல்களில் பலகை அடித்துவிட்டார்கள். அதிகாரி வரவே இல்லை. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் நான் இன்னும் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

தட்டிகளைக் கழற்றிய மறுநாள் அந்த நெசவாளியைக் கூப்பிட்டுப் பட்டு கொடுத்தோம். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டவர் வாசல்வரை போய் நின்றார்.

"எப்பப்பா நிறுத்துப் பாத்த?"

"அன்னிக்கே, அண்ணே."

"அன்னிக்கேவா?" என்றார். "எட்டு நாளு என் வூட்டப் பாத்துக்கினே இருந்தியேப்பா."